கோடை வெயிலிலை தூர ஓட்டம்: மெஷ்ஷோ, ரெக்ஸ்ரைலோ, லெதரோ, ஆர்மர் சேட்டோ?

சித்திரை பிறந்தால் காணும், உந்தக் கேள்வி வரத் தொடங்கிடும். "அண்ணை, சங்குப்பிட்டிப் பாலத்தாலை பூநகரி போய் அப்பிடியே மன்னார், தலைமன்னார் வரைக்கும் பைக்கிலை ஓடப்போறம், ஜக்கெற் போடோணுமோ? போட்டால் உள்ளுக்கை அவிஞ்சு செத்துப் போவமே?" இன்னொருத்தர் பரந்தனாலை முல்லைத்தீவு, பேந்து காட்டுக் கிறவல் ரோட்டு எண்டு பிளான் போட்டிருப்பார், அவற்றை கேள்வி ஆர்மர் (அடி தாங்கிற மெத்தைத் துண்டு) வைச்ச சேட்டு மட்டும் காணுமோ எண்டு. பதில் சொல்லுறவையும் ரெண்டு கட்சி. ஒரு கட்சி "உயிர் முக்கியம், ஏஏஏ கிளாஸ் வாங்கு" எண்டும், மற்றக் கட்சி "எங்கடை வெயிலுக்கு உதெல்லாம் சரிவராது, முழுக்கைச் சேட்டோடை போ" எண்டும் நிப்பினம்.

என்ரை கணக்கு வேறை. மத்தியானம் ஒரு மணிக்கு, முறிகண்டியிலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிச் சாப்பிட்டு முடிச்சாப் பிறகும் அந்த உடுப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏற உங்களுக்கு மனம் வருமோ? வராட்டி அது எத்தினை லட்சத்துச் சாமானா இருந்தாலும் பின் சீற்றிலை கயிறு போட்டுக் கட்டின மூட்டை தான். முறிகண்டியிலை கொஞ்ச நேரம் நிண்டு பாருங்கோ, பின்னுக்குக் கட்டின ஜக்கெற்றோடை எத்தினை பைக் வந்து நிக்குது எண்டு.

ஹெல்மெற்றைப் பற்றி இதிலை கதைக்கேல்லை, அது தனிக்கதை.

முதல்லை என்னத்தை வைச்சு அளக்கிறது

முதலாவது, ரோட்டிலை இழுபடுறது. எங்கடை நாட்டிலை ஊருக்கு வெளியிலை மோட்டச்சைக்கிளுக்கு வேக எல்லை 70. எழுபதிலை போகேக்கை விழுந்து வெறும் உடம்பா தார் ரோட்டிலை சறுக்கினால் நிக்கிறதுக்குக் கிட்டத்தட்ட 30 மீற்றர் எடுக்கும், நேரம் எண்டு பாத்தால் மூண்டு செக்கன். ஐம்பதிலை எண்டால் 15 மீற்றர். மூண்டு செக்கன் தானே எண்டு நினைக்காதேங்கோ, சாதாரண ஜீன்ஸ் துணி உராய்வுச் சோதனை மெசினிலை ஒரு செக்கனுக்குள்ளையே ஓட்டையாப் போற சாமான், சேட்டுத் துணியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

இதுக்குத்தான் ஐரோப்பாக்காரர் ஈ.என். 17092 எண்டு ஒரு தரம் வைச்சிருக்கினம், உள் லேபலிலை பாத்தால் ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி எண்டு ஒண்டு கிடக்கும். தோள்மூட்டு, முழங்கை, இடுப்பெலும்பு, முழங்கால் மாதிரி முதல்லை அடிபடுற இடங்களிலை ஏஏஏ துணி 120 கிலோமீற்றர் வேகத்துக்கும், ஏஏ 70க்கும், ஏ 45க்கும் சமமா சுத்துற மெசினிலை தாக்குப்பிடிக்க வேணும். இதிலை பி எண்டால் உராய்வுக்கு மட்டும், உள்ளுக்கை ஆர்மர் இல்லை. சி எண்டால் தலைகீழ், ஆர்மர் மட்டும், உராய்வுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. கன பேர் சி எண்ட எழுத்தைக் கண்டிட்டு சீ.ஈ. சேர்ட்டிபிக்கேற் இருக்குது தானே எண்டு வாங்கிப்போடீனம். இருக்குது தான், எதுக்கு எண்டதைத் தான் பாக்கோணும்.

ரெண்டாவது, அடி. ஆர்மருக்கு லெவல் 1, லெவல் 2 எண்டு இருக்குது. கை கால் ஆர்மரிலை லெவல் 1 எண்டால் அடிச்ச அடியிலை சராசரி 35 கிலோ நியூட்டன் விசை வரை உள்ளுக்கை விடலாம், லெவல் 2 எண்டால் 20, அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேலை. இதிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் பாக்காத ஒரு எழுத்துக் கிடக்கு: டீ+. ஆர்மருக்குள்ளை இருக்கிற பஞ்சு மாதிரிச் சாமான் கனக்கச் சூடானால் இளகும், அதாலை 40 பாகைச் சூட்டிலையும் சோதிச்சுப் பாசான ஆர்மருக்குத்தான் உந்த டீ+ அடையாளம் போடுவினம். அது கட்டாயச் சோதனை இல்லை, விரும்பினவை செய்யிறது. பனிக்குளிர் நாட்டுக்காரருக்குக் குளிரிலை சோதிச்ச டீ− முக்கியம், எங்களுக்கு உது தான்.

மூண்டாவது வெக்கை, இதை ரெண்டாப் பிரிக்கோணும், ஓடேக்கை ஒண்டு, நிக்கேக்கை ஒண்டு. ஓடேக்கை காத்து உள்ளுக்கை வந்தால் மட்டும் காணாது, வெளியிலை போகவும் வழி வேணும். தோலின்ரை சூடு 33, 35 பாகை வரும், காத்து அதைவிடக் குறைவெண்டால் எவ்வளவு காத்துப் பட்டாலும் குளிர்ச்சி தான். அதைவிடக் கூடினால் காத்து சூட்டை உள்ளுக்கை கொண்டு வரும், அப்ப வேர்வை காயுறது ஒண்டு தான் உடம்பைக் குளிர்த்தும். யாழ்ப்பாணக் கரையோரத்திலை ஈரப்பதன் கூட, வேர்வை லேசிலை காயாது, அதாலை காத்து எவ்வளவு வருதோ அவ்வளவு நல்லம். வவுனியா தாண்டி அனுராதபுரப் பக்கம் மத்தியான வெயிலிலை, காத்து அனல் மாதிரி வறட்சியா அடிக்கிற நாளிலை கதை மாறும். கீழை மெஷ்ஷும் ரெக்ஸ்ரைலும் வரேக்கை உதைத் திரும்பத் தொடுறன்.

நாலாவது, வாங்கினாப் பிறகு வாற செலவு. தோய்க்கிறது, மழை, தையல், மாரியிலை அலுமாரிக்குள்ளை கிடக்கிறது. இதை ஒருத்தரும் விலைச் சீட்டிலை எழுதிறேல்லை.

மெஷ் ஜக்கெற்

கோடை ஓட்டத்துக்கு முதல் நினைவுக்கு வாறது வலைத்துணியிலை தைச்ச இது தான், அது நியாயமும் கூட. பைக் நாப்பது தாண்டினவுடனை நெஞ்சுக்கை காத்து விசுக்கெண்டு வரும், சோளகம் பக்கவாட்டிலை அடிக்கிற பூநகரி வெளியிலை எண்டால் ஜக்கெற் போட்ட நினைவே இல்லாமல் போகலாம். பாரம் குறைவு, தோய்ச்சுக் கொடியிலை போட்டால் கெதியாக் காயும், விலையும் மற்றதுகளோடை பாக்கக் கட்டுப்படியாகும். ரைனொக்ஸ், வியாதெரா மாதிரி இந்தியக் கொம்பனியள் எங்கடை வெயில் மாதிரி ஒரு வெயிலுக்கே செய்யிற சாமான், பலாலியாலை சென்னைக்குப் போய் வாற ஆக்கள் சொந்தத்துக்கை இருந்தால் அங்கை நேரை போட்டுப் பாத்து வாங்கிறது தான் வடிவு.

ஆனால் மெஷ் எல்லாம் ஒரே மெஷ் இல்லை. கடையிலை எடுத்தவுடனை செய்ய வேண்டிய வேலை ஒண்டு இருக்குது, சிப்பைத் திறந்து கையை உள்ளுக்கை விட்டு, முழங்கைப் பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. தோளிலையிருந்து முழங்கை தாண்டி மணிக்கட்டுக்குக் கிட்ட வரைக்கும் வெளிப்பக்கம் கெட்டியான கோர்டுரா மாதிரித் துணி ஓடுதோ, இல்லாட்டி முழங்கையிலை மட்டும் ஒரு துண்டை வைச்சிட்டு மிச்சமெல்லாம் வெளிச்சம் தெரியிற வலையோ? ரெண்டாவது எண்டால் திருப்பி வையுங்கோ. விழுந்தால் முதல்லை உரஞ்சிறது அந்த வெளிப்பக்கம் தான், பொலியெஸ்ரர் 250 பாகை தாண்டினால் உருகிற சாமான், உராய்ஞ்ச சூட்டிலை ஓட்டை வலை பிரிஞ்சு போகும். தையலையும் பாருங்கோ, தோளிலை ஒரு வரித் தையல் மட்டும் எண்டால் துணி நிண்டாலும் தையல் நிக்காது.

மெஷ்ஷிலை கூடுதலானது ஏ கிளாஸ், ஏஏ மெஷ்ஷும் இருக்குது, தேடி எடுக்கோணும். மறைஞ்ச செலவு மூண்டு. ஒண்டு, முதுகிலை வாறது கனக்கத் தரம் சும்மா ஒரு பஞ்சுத் துண்டு, ஏனெண்டால் முதுகு ஆர்மர் எந்தக் கிளாஸிலையும் கட்டாயமில்லை, நல்லதை நீங்கள் தனியா வாங்கிப் போடோணும். ரெண்டு, மழைக்கு மேலாலை போடுற கோட்டு. மூண்டாவது தண்ணி. வறண்ட அனல் காத்திலை மெஷ் உங்களை வேர்க்கிறதே தெரியாமல் காய வைச்சிடும், வேர்க்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு ஓடுவியள், மதவாச்சியிலை இறங்கேக்கை தலை சுத்தும்.

இன்னொண்டு, முன்னுக்குக் காத்து மறைக்கிற பெரிய கண்ணாடி போட்ட அட்வென்சர் பைக் எண்டால் நெஞ்சுக்குக் காத்தே வராது. அதுக்குப் பின்னாலை இருந்துகொண்டு மெஷ் சூடு எண்டு சொல்லுறது ஜக்கெற்றின்ரை பிழை இல்லை. முதுகிலை தண்ணிப் பை போட்டாலும் அப்பிடித்தான், காத்து வெளியிலை போற வழி அடைபடும்.

ரெக்ஸ்ரைல் ரூறிங் ஜக்கெற்

நைலோன், பொலியெஸ்ரர் மாதிரிக் கெட்டித்துணியிலை தைச்சது. பெரிய பொக்கெற், நெஞ்சிலையும் கையிலையும் சிப், முதுகிலை காத்து வெளியேற சிப், உள்ளுக்கை மழை லைனர், குளிர் லைனர். ஏஏ, ஏஏஏ எல்லாம் இதிலை லேசாக் கிடைக்கும். கிளிம் பாட்லாண்ட்ஸ் புறோ மாதிரி வெளித்துணியிலையே கோர்-ரெக்ஸ் எண்ட மழை புகாத படை ஒட்டின உசந்த சாமான் அமெரிக்காக் காசிலை ஆயிரம் டொலருக்கு மேலை, அதை எங்கடை காசுக்கு மாத்தி சுங்கத்தையும் சேத்துப் பாத்தால் ஒரு பழைய பைக்கின்ரை கணக்கு வரும்.

நிக்கேக்கை இது கொடுமை. கொடிகாமச் சந்தியிலை ஒரு பஸ்ஸுக்குப் பின்னாலை மாட்டினால் உள்ளுக்கை ஆறு ஓடும். அதாலை தீவகம், பருத்தித்துறை, மணல்காடு எண்டு குடாநாட்டுக்குள்ளை மட்டும் சுத்திறவைக்கு நான் இதைச் சொல்லவே மாட்டன்.

ஆனால் அனல் காத்து நாளிலை, ஒரேயடியா ஓடிக்கொண்டு இருக்கேக்கை, ஆச்சரியமா இது மெஷ்ஷை வெல்லும். சேட்டை நனைச்சுப் பிழிஞ்சு உள்ளுக்கை போட்டு, சிப்பை முழுக்கத் திறக்காமல் சாடையா மட்டும் திறந்து விட்டால் ஈரம் மெல்லமெல்லத்தான் காயும், குளிர்ச்சி கன நேரம் நிக்கும். மெஷ்ஷுக்குள்ளை அதே ஈரச் சேட்டு சுறுக்காக் காஞ்சு போயிடும். வயலுக்குப் போறவை நடு வெயிலிலை முழுக்கைச் சேட்டு, தலைக்குத் துவாய் எண்டு மூடிக்கொண்டு நிக்கிற கணக்குத் தான், வெயில் நேரை தோலிலை படாமல் இருக்கிறதே பாதிக் குளிர்ச்சி.

திருகோணமலை, கண்டி, நுவரெலியா எண்டு ஒரே பயணத்திலை வெயிலும் மலைக்குளிரும் மழையும் வாற ஆக்களுக்கு ரெக்ஸ்ரைல் தான். மறைஞ்ச செலவு தோய்க்கிறதிலை இருக்குது. மழை மெம்பிரேனுக்கு (தண்ணி புகாத மெல்லிய படைக்கு) சாதாரண சவுக்காரத் தூள் ஆகாது, எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, துணியிலை வெள்ளை படிஞ்சு காத்துப் போற துவாரம் அடைபடும், கடைசி அலசலுக்கு எண்டாலும் மழைத்தண்ணி பிடிச்சு வையுங்கோ. மலிவான பூச்சு போட்டது எண்டால் எங்கடை வெக்கையும் ஈரமும் சேந்து சில வருசத்திலை உள்பக்கம் பாம்புச்செட்டை மாதிரி உரிஞ்சு வரும்.

லெதர்

உராய்வுக்கு லெதரை அடிக்க ஆளில்லை, அதிலை தர்க்கமே வேண்டாம். ஒருக்கா விழுந்தாலும் திருப்பிப் போடலாம். ஆனால் எங்கடை கோடைக்கு, தூர ஓட்டத்துக்கு, நான் வேண்டாம் எண்டு தான் சொல்லுவன். முன்னுக்குச் சின்னச் சின்ன ஓட்டை போட்ட லெதரும் இருக்குது, அது காலமை ஏழு மணிக்கு வல்லையாலை போகேக்கை நல்லாத்தான் இருக்கும், பதினொரு மணிக்கு இல்லை. மாரியிலை அலுமாரிக்கை வைச்சால் கார்த்திகை முடியிறதுக்குள்ளை பூஞ்சணம் பிடிச்சிடும், எடுத்து எடுத்துத் துடைக்கோணும், எண்ணெய் பூசோணும்.

இதிலை ஒரு விசயம் கட்டாயம் சொல்லோணும். லண்டன், கனடாவிலை இருந்து மாமாமார், மச்சான்மார் வரேக்கை "தம்பிக்கு பைக் ஓட" எண்டு ஒரு லெதர் ஜக்கெற் கொண்டு வருவினம். வடிவா இருக்கும், மறுக்கவும் ஏலாது. ஆனால் அது கூடுதலா ஸ்ரைலுக்குப் போடுற ஜக்கெற். பைக் லெதர் 1.2, 1.4 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும், கையிலை பிடிச்சு மடிச்சால் முரண்டு பிடிக்கும். ஸ்ரைல் லெதர் துணி மாதிரி மெத்தெண்டு மடியும், முழங்கையிலை ஆர்மர் பொக்கெற்றும் இருக்காது. அதைக் கலியாண வீட்டுக்குப் போடுங்கோ.

ஆர்மர் சேட்டும் மேலை ஒரு ஜேசியும்

டேர்ட் பைக் பெடியளின்ரை தெரிவு. இறுக்கமான வலைச் சேட்டு, அதிலையே தோள், முழங்கை, நெஞ்சு, முதுகு ஆர்மர், மேலாலை தொளதொள எண்டு ஒரு மொட்டோகுரோஸ் ஜேசி. காத்துக்கு இதை மிஞ்ச ஒண்டும் இல்லை. ஆர்மர் உடம்போடை ஒட்டிக்கொண்டு இருக்கும், அசையாது, இது பெரிய லாபம், ஏனெண்டால் வெக்கைக்கு எண்டு தொளதொள ஜக்கெற் வாங்கினவையின்ரை முழங்கை ஆர்மர் விழேக்கை பக்கத்துக்குத் திரும்பிப் போயிடும்.

முல்லைத்தீவுப் பக்கக் காட்டுப் பாதையிலை, மணல்காட்டு மணலிலை, இருவது முப்பதிலை எழும்பி நிண்டுகொண்டு பைக்கோடை மல்லுக்கட்டுறவைக்கு இது தான் சரி. அங்கை வேகத்துக் காத்து இல்லை, உடம்பு தான் வேலை செய்து சூடாகுது, ஜக்கெற் போட்டால் அரை மணித்தியாலத்திலை சேடம் இழுக்கும். விழுறதும் மணலிலை, இழுபடுறது குறைவு, கல்லிலை மரத்திலை அடிபடுறது தான் கூட.

பிரச்சினை எங்கை எண்டால், அந்தக் காட்டுக்குப் போறதுக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து ஏ9 ரோட்டிலை எழுபதிலை ஓடித்தான் போகோணும். தார் ரோட்டிலை அந்த ஜேசி ஒரு கடதாசி. நான் முதல்லை சொன்ன சி கிளாஸ் இது தான். அதாலை ரெண்டும் கலந்து ஓடுறவைக்கு ஒரு வழி இருக்குது, உள்ளுக்கை ஆர்மர் சேட்டு, மேலாலை ஆர்மர் கழட்டின மெஷ் ஜக்கெற், பரந்தன் தாண்டி கிறவலுக்கை இறங்கேக்கை ஜக்கெற்றைக் கழட்டிப் பையிலை கட்டலாம். ரெண்டும் வாங்கக் காசு வேணும், அது வேறை கதை.

இன்னொரு சில்லறைத் தொல்லை: நிக்கிற இடத்திலை இதைக் கழட்டேலாது. கடைக்கை தேத்தண்ணி குடிக்கப் போனாலும் ரோபோ மாதிரித் தான் போகோணும். தோய்க்கிறதுக்கு ஒவ்வொரு ஆர்மரா உருவி எடுத்து, திருப்பி எது எங்கை எண்டு பாத்துப் போடோணும், தோய்க்காட்டி நாத்தம் வாசல்லையே வரவேற்கும்.

களிசானை மறந்திடுறம்

ஜக்கெற்றுக்கு எல்லாக் காசையும் கொட்டிப்போட்டு கீழை சாதாரண ஜீன்ஸோடை ஓடுறது தான் எங்கடை ஊர் வழக்கம். விழுந்தால் இடுப்பும் முழங்காலும் தான் ரோட்டிலை முதல்லை. என்னைக் கேட்டால் ஏஏ ஜக்கெற்றும் சும்மா ஜீன்ஸும் எண்டதை விட, ஏ மெஷ் ஜக்கெற்றும் ஏ மெஷ் களிசானும் மேல்.

ரைடிங் ஜீன்ஸ் ரெண்டு வகை. ஒண்டு உள்ளுக்கை கெவ்லார் துணி வைச்சுத் தைச்சது, ரெண்டு படை எண்டதாலை சூடு கூட. மற்றது ஒரே படைத் துணியிலையே பலமான நூலைச் சேத்து நெய்தது, அது சூடு குறைவு, விலை கூட. ரெண்டையும் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் கடைக்கும் போகலாம் எண்டது பெரிய வசதி, முறிகண்டிச் சோதனையிலை லேசாப் பாசாகும். ஆனால் நாள் முழுக்க வெயிலெண்டால் மெஷ் களிசான் தான் சுகம், இடுப்பு ஆர்மர் வருதோ எண்டு மட்டும் கேளுங்கோ, ஏ கிளாஸிலை அது கட்டாயமில்லை, பொக்கெற் மட்டும் வைச்சு விட்டிருப்பினம்.

உள்ளுக்கை போடுறதும் குடிக்கிறதும்

பருத்திப் பெனியன் வேர்வையை உறிஞ்சி வைச்சுக்கொண்டு தோலோடை ஒட்டும், நாள் ஓட்டத்திலை தொடையிடுக்கு, கக்கம் எல்லாம் உரஞ்சுப்படும். மெல்லிய விளையாட்டுத் துணியிலை முழுக்கைச் சேட்டு நல்லம், ஜக்கெற் லைனிங்கும் கையிலை ஒட்டாது, கழட்டிப் போடுறது லேசு. நனைச்சுப் போடுறதுக்கு மட்டும் பருத்தி மோசமில்லை, கன நேரம் ஈரம் பிடிக்கும். நிக்கிற இடமெல்லாம் தண்ணி குடியுங்கோ, ரெண்டு மூண்டு மணித்தியாலம் வேர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணி காணாது, பாமசியிலை ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல்) பைக்கற் எடுத்துக் கலக்கிக் குடிக்கலாம், மோர், இளநீர் கிடைச்சால் இன்னும் நல்லம். சோடா தாகத்தை அடக்காது.

அப்ப ஆருக்கு எது

குடாநாட்டுக்குள்ளையும் மன்னார் வரைக்கும் தார் ரோட்டு ஓட்டம் எண்டால் ஏஏ மெஷ், அது கிடைக்காட்டி வெளிக்கையிலை கெட்டித்துணி ஓடுற ஏ மெஷ். ரெண்டு மூண்டு நாள் நாட்டைச் சுத்திறவைக்கு, மலைக்குப் போறவைக்கு ரெக்ஸ்ரைல். கிறவலும் மணலும் கூட எண்டால் ஆர்மர் சேட்டு, தார் ரோட்டுக்கு மேலாலை மெஷ். பின்னுக்கு மனிசியோ பிள்ளையோ இருந்தால் அவைக்கும் அதே கணக்குத் தான், ஓட்டுறவருக்கு மட்டும் ஆர்மர் எண்டது எனக்கு விளங்கிறேல்லை.

காசு மட்டா இருந்தால் கையுறையும் கணுக்கால் மூடின சப்பாத்தும் முதல்லை, ஏனெண்டால் விழேக்கை கை தானா நிலத்திலை ஊண்டும், ரெண்டும் சேத்தும் ஒரு ஜக்கெற் விலை வராது. அடுத்தது மெஷ் களிசான், பேந்து ஜக்கெற், பேந்து நல்ல முதுகு ஆர்மர். கறுப்பு நிறம் வாங்காதேங்கோ, சாம்பல், மணல் நிறம் வெயிலிலை கொஞ்சம் சூடு குறைவு, வன்னிச் செம்புழுதியும் அவ்வளவா எடுபடாது.

தபாலிலை எடுக்கிறவை அளவிலை கவனம், திருப்பி அனுப்புற கூலி கூடுதலா உங்கடை தலையிலை தான் விழும். உள்ளுக்கை போடப்போற சேட்டோடையே நெஞ்சளவு எடுங்கோ. வந்து சேந்தவுடனை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பாக்காமல் பைக்கிலை ஏறி இருந்து பாருங்கோ, காண்டிலைப் பிடிச்சபடி வேறை ஒருத்தரைக் கொண்டு கைநுனியை முன்னுக்கு இழுப்பிச்சுப் பாருங்கோ, முழங்கை ஆர்மர் வழுகினால் அந்தச் சைஸ் பெருசு. முழங்கால் ஆர்மர் நிக்கேக்கை எப்பன் கீழை கிடக்கிற மாதிரித் தெரியும், பயப்பிடாதேங்கோ, இருந்தவுடனை அது சரியான இடத்துக்கு ஏறி வரும்.